காரின் முன்பக்க சஸ்பென்ஷன்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறிந்து கழற்றும் முறை

மாருதி 800 தொடங்கி இன்றைய ஸ்விஃப்ட், ஐ20 வரை நம் ஊர்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் மேக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் பொருத்தப்பட்டவை. ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்பதுதான் ஸ்ட்ரட். அதன் அடிப்பகுதி, சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். தலைப்பகுதி ஒரு ரப்பர் மவுன்ட், ஒரு சிறிய பேரிங் ஆகியவற்றின் வழியாக பானெட்டுக்குள் தெரியும் பாடித் தகட்டைப் பிடித்திருக்கும். கீழே லோயர் ஆர்ம் என்ற கை போன்ற பாகம் இரண்டு ரப்பர் புஷ்களால் (இரும்புக் குழலைச் சுற்றிய ரப்பர் உருளைகள்) அடிச்சட்டத்தோடும், ஒரு பால் ஜாயின்ட்டால் (குழிக்குள் சுழலும் பந்து முனை) நக்கிளோடும் இணைகிறது. இடது, வலது பக்கங்களுக்கு நடுவே வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி குறுக்காக ஓட, அதன் இரு முனைகளையும் லிங்க் ராடுகள் பிடித்துக்கொள்கின்றன.

இந்த அமைப்பில் காரின் எடை பாடியிலிருந்து ஸ்பிரிங்குக்கும், அங்கிருந்து ஸ்ட்ரட் வழியாக நக்கிளுக்கும் சக்கரத்துக்கும் இறங்கிவிடுகிறது. லோயர் ஆர்ம் சக்கரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விலகவிடாமல் பிடிக்கிறதே தவிர, எடையைச் சுமப்பதில்லை. ஆகவே பழுதைத் தேடும்போதும் சரி, புதிய பாகத்தைப் பூட்டும்போதும் சரி, எடை இந்த நிமிடத்தில் எதன் மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது மறைந்திருக்கும் ஆட்டம் சில பாகங்களில் தூக்கினால்தான் தெரியும். வேறு சிலவற்றில் தூக்கியதும் மறைந்துவிடும். காரை லிஃப்டில் ஏற்றி, ஒரு கம்பியால் இரண்டு இடங்களில் நெம்பிப் பார்த்துவிட்டு, லிங்க் ராடு முதல் ஸ்டியரிங் ராக் வரை மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போடும் வழக்கத்துக்கு இதைப் பார்க்காமல் விடுவதே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

கழற்றத் தொடங்கும் முன்

காரைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் பாடியின் குறிப்பிட்ட தாங்குமிடங்களில் ஸ்டாண்ட் வைத்து, எடையை ஸ்டாண்டுக்கு மாற்றாமல் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. காரோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே ஆனது.

தூக்குவதற்கு முன்பு ஓர் அளவை எடுத்து எழுதி வைத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும்: சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை உள்ள உயரம், இரு பக்கமும். கார் சாதாரணமாக நிற்கும்போது சஸ்பென்ஷன் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியாக இருந்தால், முந்தின நாளே மரைகளை வயர் பிரஷால் தேய்த்துத் துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊறவிடுவது நல்லது. நைலான் வளையம் உள்ள நட்டுகளையும், நட்டு கழலாதபடி துளையில் செருகும் காட்டர் பின்களையும் மறுபடி பயன்படுத்தாமல் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளவும். நட்டு, போல்ட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்கு அளவுகள் காருக்குக் கார் மாறுபடுவதால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) வைக்க வேண்டும்.

குறைந்த வேகத்தில், சிறு மேடுபள்ளங்களில் 'டொக் டொக்' என்ற சத்தம்

இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும் அகலமான வேகத்தடையில் சத்தம் குறைவாகவும், ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அதிகமாகவும் கேட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது லிங்க் ராடு. இரு சக்கரங்களும் சேர்ந்து நகரும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் நகர்ந்தால்தான் அது முறுக்கேறி லிங்க் ராடுகளை இழுக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பயனில்லை. அப்போது பார் முறுக்கேறி நிற்பதால், தேய்ந்த பால் முனையும் ஒரு பக்கமாக இறுகி, ஆட்டமில்லாதது போல் தெரியும். இரு சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்: இரண்டும் தரையில், அல்லது இரண்டும் சாய்மேடையின் (காரை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை) மேல். அந்த நிலையில் லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டினால், பழுதானது கையிலேயே தட்டும். அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால் இரு லிங்க்குகளையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, நெரிசலற்ற தெருவில் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றுவிட்டால் பழுது லிங்க்கிலோ, பாரைப் பிடிக்கும் ரப்பர் புஷ்ஷிலோ இருக்கிறது. அந்தச் சோதனையின்போது வளைவுகளில் கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் வேகம் கூடாது.

கழற்றும்போது இரு முன்சக்கரங்களையும் தூக்கித் தொங்கவிட்டால் பாரின் முறுக்கு நீங்கிவிடும். நட்டைத் திருப்பும்போது பால் முனையின் தண்டும் சேர்ந்து சுற்றுவது வழக்கமான தொல்லை. தண்டின் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகியோ, ரப்பர் உறைக்குப் பின்னால் உள்ள தட்டையான பகுதியை ஸ்பானரால் பிடித்தோ தண்டை நிறுத்தி, ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்ப வேண்டும். குழி தேய்ந்துவிட்டால் நட்டை அறுத்தெடுப்பதுதான் விரைவான வழி. புதிய லிங்க்கைப் பூட்டும்போது, நட்டை வேகமாகச் சுழற்றி இறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டாம். தண்டு சுழன்றால் புதிய ரப்பர் உறை முறுக்கிக் கிழிந்து, தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்து, சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

பிரேக் பிடிக்கும்போதோ, நின்ற வண்டி கிளம்பும்போதோ ஒரே ஒரு 'தொம்' சத்தம்

லிங்க் ராடின் சத்தம் தொடர்ச்சியானது, இது அப்படியல்ல. பிரேக் பிடித்ததும் ஒரு முறை, ரிவர்ஸ் போட்டு நகர்ந்ததும் ஒரு முறை என்று, சக்கரம் முன்னோ பின்னோ தள்ளப்படும் தருணத்தில் மட்டும் வரும். லோயர் ஆர்மின் புஷ்களில், குறிப்பாகப் பின்பக்கப் பெரிய புஷ்ஷில், ரப்பர் கிழிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே காரைச் சற்று முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் பாதுகாப்பான தொலைவிலிருந்து டார்ச் அடித்து ஆர்மைக் கவனிக்கலாம். ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு இருப்பதைக் கண்டு உடனே மாற்றத் தேவையில்லை. உள்ளிருக்கும் இரும்புக் குழலிலிருந்து ரப்பர் பிரிந்து, இடைவெளி தெரிந்தால்தான் அது முடிந்தது.

அதே சமயத்தில் பால் ஜாயின்ட்டையும் பார்த்துவிட வேண்டும். ஸ்ட்ரட் அமைப்பில் இந்த ஜாயின்ட் எடை சுமப்பதில்லை என்பதால், பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோதிப்பதே சரியான முறை. சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டவும். ஆட்டம் இருந்தால், உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டவும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில். மறையாமல் நீடித்தால் பால் ஜாயின்ட்டிலோ ஸ்ட்ரட்டின் இணைப்பிலோ. ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே நீண்ட கம்பியால் நெம்பினால் இவற்றில் எது என்று தெரிந்துவிடும். பால் ஜாயின்ட்டில் தெளிவாகத் தெரியும் ஆட்டம் இருக்கும் காரை ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்து வெளியே சாய்ந்துவிடும்.

லோயர் ஆர்மைக் கழற்றும் வரிசை இது. லிங்க் ராடு ஆர்மோடு இணைந்திருக்கும் மாடலாக இருந்தால் அதை முதலில் விடுவிக்கவும். அடுத்து, நக்கிளில் பால் ஜாயின்ட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் குறுக்கு போல்ட்டை முழுவதுமாக உருவி எடுக்க வேண்டும். தளர்த்தினால் மட்டும் போதாது, ஏனெனில் அந்த போல்ட் தண்டில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. அது உள்ளே இருக்கும்வரை எவ்வளவு நெம்பினாலும் தண்டு இறங்காது. போல்ட் வந்தபின் நக்கிளின் பிளவில் தட்டையான உளியை மெல்லத் தட்டிச் சற்றே விரித்து, ஆர்மின் மேல் நீண்ட கம்பியை வைத்துக் கீழே அழுத்தினால் தண்டு நழுவி இறங்கும். பிளவை அளவுக்கு மீறி விரித்தால் நக்கிளே வெடித்துவிடும். தண்டு விடுபட்ட நொடியில் நக்கிளும் ஹப்பும் வெளிப்பக்கமாகச் சாயும் என்பதால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை ஜாயின்ட் பிரிந்துவிடாதபடி நக்கிளைக் கம்பியால் கட்டி வைப்பது அவசியம். பிறகு அடிச்சட்டத்தில் உள்ள புஷ் போல்ட்டுகளைக் கழற்றினால் ஆர்ம் கையோடு வந்துவிடும்.

புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. பல சிறிய கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு பிரிக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கிறது. புஷ்ஷை ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸும், அதன் திசையைச் சரியாக வைக்கும் கவனமும் தேவை. இரண்டு புஷ்களும் ஜாயின்ட்டும் ஒரே அளவு ஓடியவையாக இருந்தால், முழு ஆர்மை வாங்குவதே சிக்கனம் என்று நினைக்கிறேன்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியதை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் புஷ்களில் ரப்பர் உள்குழலோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன்மேலும் சுழல்வதில்லை. ரப்பர் மட்டும் முறுக்கி, மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. போல்ட்டை இறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பர் முறுக்கின்றி ஓய்வாக இருக்கும் நிலையாகிவிடும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் பெரிய கோணத்துக்கு முறுக்கப்பட்டு, நாள் முழுதும் அப்படியே நிற்கும். அதன் மேல் சாலையின் அசைவும் சேர்ந்தால் புதிய புஷ் சீக்கிரமே கிழியும். புதிய ஆர்ம் போட்டும் ஓராண்டு தாங்கவில்லை என்று உதிரிபாகக் கடைக்காரரைக் குறை சொல்பவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே புஷ் போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, காரைச் சாய்மேடையில் இறக்கி, ஓரிரு முறை முன்பக்கத்தை அழுத்தி விட்டு, பிறகு போல்ட்டுகளை முழு முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். சாய்மேடை இல்லாதவர்கள், ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, முதலில் எழுதி வைத்த உயரம் வரும்வரை தூக்கி இறுக்கலாம். அந்த உயரத்தை எட்டும் முன்பே கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கினால் இந்த வழியை விட்டுவிடவும். பால் ஜாயின்ட்டின் குறுக்கு போல்ட்டுக்கும் லிங்க் ராடுக்கும் இந்த விதி பொருந்தாது. அவை சுழலும் இணைப்புகள்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்ற அதிர்வு

ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல வேண்டும்; அதற்காகவே தலையில் பேரிங் இருக்கிறது. அதில் துருவும் தூசியும் ஏறி இறுகிவிட்டால், ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், தாங்காத இடத்தில் திடீரென விடுபட்டுக் குதிக்கும். எடை ஏறியிருந்தால்தான் இது நடக்கும் என்பதால் சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின் சுருள்மேல் கையை மெல்ல வைத்தால் குதிப்பு உணரப்படும். விரலைச் சுருள்களுக்கு நடுவே நுழைக்கக் கூடாது.

வேகத்தடை தாண்டியபின் அடங்காத ஆட்டம், ஸ்ட்ரட்டில் எண்ணெய்

முன்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். மறுபடியும் மறுபடியும் ஆடினால் ஷாக் வலுவிழந்துவிட்டது. ஆடவில்லை என்பதால் மட்டும் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவும் இயலாது. ஷாக்கின் மேல்பகுதியில் தூசி படிந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. எண்ணெய் கீழ் ஸ்பிரிங் தட்டு வரை வழிந்து ஈரமாக இருந்தால்தான் கசிவு. டயரின் பரப்பில் மேடும் குழியுமாக விட்டுவிட்டுத் தேய்ந்திருப்பது மற்றொரு சாட்சி.

மேலே சொன்ன பேரிங்குக்கும், இந்த ஷாக்குக்கும் கழற்றும் வேலை ஒன்றே. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டின் கிளிப்பிலிருந்து விடுவிக்கவும். லிங்க் ராடு ஸ்ட்ரட்டோடு இணைந்திருந்தால் அதையும் கழற்றவும். அடுத்து நக்கிளைப் பிடிக்கும் இரு பெரிய போல்ட்டுகளைக் கழற்றவும். சில கார்களில் இவற்றின் கழுத்தில் பல்வரிகள் இருக்கும். அவற்றில் போல்ட் தலையைத் திருப்பாமல் நட்டை மட்டும் திருப்பி, பிறகு மரை சேதமாகாதபடி தட்டி வெளியேற்ற வேண்டும். மேல் போல்ட் கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) சரிசெய்யும் வகையாக இருந்தால் அதன் நிலையை முன்கூட்டியே பெயின்ட்டால் குறித்து வைக்கவும். ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற கார்களில் இரு போல்ட்டுகளுக்குப் பதிலாக, ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியே நக்கிளின் வளையத்துக்குள் இறங்கி நிற்கும். வளையத்தை விரிக்கத் தனிக் கருவி வேண்டும். கடைசியாக, ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையைச் சுற்றியுள்ள சிறு நட்டுகளைக் கழற்றவும்.

நடுவில் இருக்கும் பெரிய நட்டு வேறு வகை. இறுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது பெரும்பாலான கார்களில் அந்த ஒரே நட்டுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் கருவியைப் போடாமல் அதைக் கழற்றினால் மவுன்ட்டும் ஸ்பிரிங்கும் உயிரைப் பறிக்கும் வேகத்தில் தெறிக்கும். சில மாடல்களில் தலையே ஒற்றை நட்டால் பாடியில் பிடிக்கப்பட்டிருப்பதால், உங்கள் காரில் எது எந்த நட்டு என்பதை மேனுவலின் படத்தில் பார்த்து உறுதிப்படுத்தாமல் ஸ்பானரை வைக்க வேண்டாம்.

கம்ப்ரசரின் இரு கம்பிகளும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்த அளவு அதிகச் சுருள்களைக் கவ்வியபடி நிற்க வேண்டும். இரண்டையும் மாறிமாறிச் சில சுற்றுகளாகக் கையால் மட்டும் இறுக்கவும். ஸ்பிரிங் மேல்தட்டை விட்டு விலகி, கையால் அசைக்க முடிகிற நிலை வந்தபின்பே நடு நட்டைத் தொட வேண்டும். ஸ்ட்ரட்டின் தலை யாருடைய முகத்தை நோக்கியும் இருக்கக் கூடாது. பளபளக்கும் ஷாக் கம்பியைப் பிளையரால் பிடித்தால் விழும் கீறல் சீலை அறுத்துவிடும். ஆலன் கீயால்தான் நிறுத்த வேண்டும்.

திறந்தபின் பேரிங்கைச் சுழற்றியும், மவுன்ட் ரப்பரையும் பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுவதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) தூசி உறையையும் பார்த்தும், ஐயத்துக்குரியவற்றை அப்போதே மாற்றிவிடவும். இவ்வளவு தூரம் மறுபடி கழற்றுவது வீண் உழைப்பு. புதிய எண்ணெய் ஷாக்கை நிமிர்த்தி வைத்து, முழு நீளத்துக்கும் சில முறை இழுத்து அழுத்தினால் உள்ளே உள்ள காற்று நீங்கி இயக்கம் சீராகும். ஸ்பிரிங்கின் கீழ்முனை அதற்கான படியில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே கம்ப்ரசரைத் தளர்த்தவும். ஷாக்கை எப்போதும் இரு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் இழுத்தல், டயர் ஓரம் தேய்தல்

இங்கே கழற்றுவதற்கு முன்பே தீரக்கூடியவை அதிகம். காற்றழுத்தத்தைச் சமப்படுத்தியபின், முன்டயர்களை இடவலமாக மாற்றிப் போட்டு ஓட்டவும். இழுக்கும் திசையும் மாறினால் குறை டயரில்தான். ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களுக்கு இதைச் சிறிது தூரம் மட்டுமே செய்யவும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மிகவும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரு பக்க உயரங்களில் வித்தியாசம் தெரிந்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுருள் உடைந்திருக்கலாம். தட்டுக்குள் மறைந்திருப்பதால் அது எளிதில் கண்ணில் படாது.

ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராடு எண்டை, சக்கரங்கள் தரையில் இருக்க, ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடவலமாக வேகமாக அசைத்துப் பார்ப்பது நல்லது. மாற்றும்போது லாக் நட்டை அதன் இடத்திலிருந்து அதிகம் நகர்த்தாமல் கால்சுற்று மட்டும் தளர்த்தினால், புதியதைத் திருகி நிறுத்த வேண்டிய இடம் தெரியும். கூம்புத் தண்டை விடுவிக்க மரையின் மேல் அடிக்காமல், அதைப் பிரித்தெடுக்கும் கருவியான புல்லரைப் போடவும். இல்லையென்றால் நக்கிளின் காதுப் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டவும். காட்டர் பின் துளை பொருந்தவில்லையென்றால் நட்டை மேலும் இறுக்கியே பொருத்த வேண்டும், தளர்த்திப் பொருத்தக் கூடாது. டை ராடு எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் ஆகிய எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு அதற்கு முன்பே செய்த அலைன்மென்ட் பணம் விரயம்.

வேகத்தோடு ஏறும் ஹம்மிங், ஸ்டியரிங் உதறல்

இடதுபுறம் வளையும்போது எடை வலது சக்கரத்துக்கு மாறுகிறது. அப்போது ஹம்மிங் கூடினால் வலது வீல் பேரிங்கைப் பார்க்கவும். இதற்கு பிரஸ் தேவை என்பதால், நக்கிளைக் கழற்றி நல்ல ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது மேல். ஹப் நட்டைக் கழற்றிய நிலையில் காரை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கினால் பேரிங் கெட்டுவிடும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் மட்டும் ஸ்டியரிங் உதறினால் சஸ்பென்ஷனைத் தொடும் முன் வீல் பேலன்சிங் பார்க்கவும்.

சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தால்

இக்கார்களில் பலவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம் என்ற ஒற்றை உத்திரமே என்பதால் தேட வேண்டியவை குறைவு: ஷாக்கின் இரு முனை ரப்பர்கள், ஸ்பிரிங்கின் அடியில் உள்ள ரப்பர் தட்டு. காலியாக ஓடும்போது கேட்டு, பின்சீட்டில் ஆள் ஏறியதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வரும். ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவுவதற்கு முன் பீமுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பீம் இறங்கி, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு வெளியே விழும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு பக்கத்தை முழுவதும் பூட்டிவிட்டே மறுபக்கத்தைத் தொடவும். ஷாக்கின் கீழ்முனையில் இருப்பதும் ஒட்டப்பட்ட ரப்பர் புஷ் என்பதால், அந்த போல்ட்டின் இறுதி முறுக்கையும் சக்கரங்கள் எடையைத் தாங்கிய பின்பே கொடுக்க வேண்டும்.